ருக்மணி கொடுத்த காப்புக் கயிறு

அப்பாசாமியின் பூட்ஸ், செட்டிகள் குடியிருக்கும் கம்பத்தில், பொன்னம்மா வீட்டுக் கிணற்றடியில் காய்ந்துகொண்டிருந்ததை முதலில் பார்த்தவன் மாட்டுவண்டிக்கார வேலாயுதம். பட்டப்பகல். பூட்ஸுக்குள் தேங்காய் நார் திணித்து, முனை மேலே பார்க்கும்படி சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அப்படிக் காயவைத்தால்தான் தோல் சுருங்காது என்று அப்பாசாமி ஊரெல்லாம் சொல்லியிருந்தான். அதனால் வேலாயுதத்துக்கு யாரையும் கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு நேரே கோப்பிக் கடைக்குப் போனான்.

காஜா பேராங் வட்டாரத்தில் அந்த பூட்ஸைத் தெரியாதவர் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் சிங்கப்பூர்ப் பந்துக் குழுவைத் தோற்கடித்த பூட்ஸ் அது. ஜப்பான்காரன் வந்த பிறகு பட்டாளத்துக் குழுவோடு ஓர் ஆட்டம் நடந்தது. அதிலும் அப்பாசாமி ஒரு கோல் போட்டான். சிப்பாய்கள் துப்பாக்கியோடு சுற்றி நின்றதால் ஒருவரும் கை தட்டவில்லை. ஆனால் அன்றைக்குத் திடலிலிருந்து திரும்பிய ஒவ்வொருவனும் எதையோ வயிறு நிறையச் சாப்பிட்டவன்போல நடந்து போனான். அரிசி இல்லை, துணி இல்லை, உப்புக்கும் வரிசை. பெருமைப்பட்டுக்கொள்ள ஊருக்கு மிஞ்சியிருந்தது அவன் ஒருவன்தான்.

அவன் மனைவி ருக்மணி ஒரு நாளும் திடலுக்குப் போனதில்லை. அந்தத் தெருப் பெண்கள் யாரும் போகமாட்டார்கள். அவள் அடுப்படியில் மரவள்ளிக்கிழங்கைத் துருவிக்கொண்டிருப்பாள். கோல் விழுந்தால் இரைச்சல் அடுப்படி வரைக்கும் வரும். இரைச்சல் வந்தால் ஒரு செம்பு வெந்நீர் கூடுதலாகப் போடுவாள், வருகிறவனுக்குக் கால் கழுவ. அவள் குடும்ப வாழ்க்கையில் பாதி அந்த இரைச்சலைக் கேட்பதிலேயே போயிற்று. மீதிப் பாதி, துருவிய கிழங்கை வாழையிலையில் வைத்து அவித்துக் கோயில் சாலையில் விற்பதில் போயிற்று. குழந்தை இல்லை. புக்கிட் ரம்பாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, பால்வாளி தூக்கி வளர்ந்தவள். தெருக்காரர்களுக்கு அவள் 'கோல்காரர் சம்சாரம்'. பெயர் சொல்லிக் கூப்பிட்டது பக்கத்து வீட்டு மல்லிகா ஒருத்திதான்.

சேதி சொன்னதும் அந்த மல்லிகாதான். ஓடி வந்தவள் மூச்சு வாங்கக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ருக்கு, அடியே, அந்தச் செட்டிக் கம்பத்துப் பொம்பளை வீட்டுல உன் வீட்டுக்காரரோட பூட்ஸாம்டி. வெயில்ல காயுதாம். வேலாயுதம் கண்ணால பார்த்திருக்கான்."

ருக்மணி துருவலை நிறுத்தவில்லை. இரண்டு மாதமாக பூட்ஸை அவள் கழுவவில்லை. யாரோ கழுவுகிறார்கள் என்பது அவளுக்கு முன்பே தெரியும்.

"அழுதுடுடி. நீ இப்படிக் கிழங்கைத் துருவிக்கிட்டு உக்காந்திருந்தா எனக்குத்தான் பயமா இருக்கு."

"துருவலைன்னா நாளைக்கு விக்க என்னடி இருக்கு?" என்றாள் ருக்மணி. அதைச் சொல்லி முடிப்பதற்குள் விரல் துருவியில் பட்டுக் கிழிந்தது. மல்லிகாதான் ரத்தத்தைத் துடைத்துத் துணி சுற்றிக் கட்டினாள். கட்டிக்கொண்டே ருக்மணிக்கும் சேர்த்து அவளே அழுதாள்.

ஊர் அழவில்லை. கோப்பிக் கடையில் சிரித்தது. "சொந்தக் கோல் கம்பத்தை அம்போன்னு விட்டுட்டு, எதிர்க் கோலுக்குள்ளயே பாய் விரிச்சுட்டாருப்பா நம்ம ஆளு" என்று வேலாயுதம் சொல்ல, சோளக் கோப்பியைக் குடித்தவர்களுக்குப் புரையேறியது. அந்தச் சிரிப்பு ஒரு நாள்தான் நீடித்தது. மறுநாள் முடிவெட்டும் கடைக்காரர் அப்பாசாமியின் படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டினார். அதற்கடுத்த நாள் பொன்னம்மா வீட்டு வாசற்படியில் யாரோ சாணியைக் கரைத்து ஊற்றினார்கள், நிலையில் கட்டியிருந்த மாவிலையை அறுத்தெறிந்தார்கள். அந்த வார இறுதியில் அவனோடு பந்து விளையாடியவர்களே வந்து சொன்னார்கள்: "அண்ணே, இனிமே நீங்க திடலுக்கு வரவேணாம். நாங்களும் குடும்பஸ்தனுங்க."

அப்பாசாமி பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுப் பின்பக்கம் போனான். அன்றிலிருந்து விறகுக் கொட்டகையில் படுத்துக்கொண்டான். ருக்மணி சோற்றுக்குப் பதிலாக அவித்த கிழங்கைத் தட்டில் வைத்துக் கொட்டகை வாசலில் வைப்பாள். தட்டு காலியாகி அதே இடத்தில் இருக்கும்.

பந்துக் குழுவிலிருந்து விலக்கியதால் வந்த ஆபத்து அப்போது யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்கள் வாயைத் திறக்கவில்லை. குழுவில் இருந்தவரைக்கும் ஜப்பான் அதிகாரிகளுக்கு அவன் வேண்டியவன், யாரும் தொடமுடியாது. இப்போது அவன் வெறும் ஆள். அந்த நேரம் பார்த்துத்தான் உத்தரவு வந்தது: சயாம் ரயில் வேலைக்குத் தெருவுக்கு ஓர் ஆள் கொடுக்க வேண்டும்.

சயாம் என்றால் என்னவென்று அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. முதலில் சம்பளம் என்று சொல்லிக் கூட்டிப் போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. தெருத் தலைவர் கலியாணசுந்தரம், மல்லிகாவின் கணவர். ஜப்பான்காரன் கொடுத்த கைப்பட்டையைக் கட்டிக்கொண்டு, பங்கீட்டு உப்பை ஒரு சிட்டிகை கூடக் குறையாமல் பிரித்துக் கொடுக்கிற மனிதர். உத்தரவைக் கோயில் முற்றத்தில் சொன்னபோது அவர் குரல் வெளியே வரவில்லை. இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு யாரோ பின்னாலிருந்து, "அப்பாசாமி போகட்டுமே" என்றார்கள்.

பெண்கள் பக்கத்தில் நின்ற ருக்மணி அந்தக் கணத்தை உயிரோடு இருந்தவரைக்கும் மறக்கவில்லை. ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. மகனோடு வந்திருந்தவர்கள் மகனின் தோளைப் பிடித்திருந்த பிடியை விட்டார்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஆண் இருந்தான். யார் போனாலும் அழ ஆள் இருந்தது. அப்பாசாமிக்கு மட்டும் அழ ஆள் இல்லை என்று ஊர் நினைத்தது.

"ஆமா, போகட்டும். தங்கமாட்டம் பொண்டாட்டிய வச்சுக்கிட்டு!"

"அந்தப் புள்ள வயித்தெரிச்சல் சும்மா விடுமா?"

மல்லிகா ருக்மணியின் தோளை அணைத்துக்கொண்டு உரக்கச் சொன்னாள்: "இவளுக்கு நியாயம் கெடைக்கணும்!"

கலியாணசுந்தரத்துக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. ஒரு மனிதனைச் சாவுக்கு அனுப்பும் பழியை அவரால் தனியாகச் சுமக்க முடியவில்லை. அதனால் ஒரு வழி சொன்னார். அது சரியான வழி என்றுதான் நம்பினார்.

அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் நாள் நெருங்கியிருந்தது. பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிவிட்ட செட்டிகளின் கோயில்தான், ஆனாலும் சுற்றுவட்டாரத் தமிழர்கள் எல்லாரும் அங்கே காப்புக் கட்டிக்கொள்வார்கள். கட்டிக்கொள்கிறவன் தன் வீட்டில் விரதம் இருந்து, மனம் உடல் இரண்டும் சுத்தமாக வர வேண்டும். அதற்குச் சாட்சி அவன் மனைவி. மஞ்சள் தடவிய கயிற்றை அவள் தன் கையாலேயே பூசாரியின் தட்டில் வைக்க வேண்டும். அவள் வைத்தால் அவன் சுத்தம். பேச்சுக்கே இடமில்லை. காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிந்து கயிற்றை அவிழ்க்கும்வரை அவன் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது, தாண்டவைக்கவும் யாருக்கும் அதிகாரம் இல்லை. ஆள் எடுக்கும் லாரி அதற்குள் வந்து போய்விடும். அப்பாசாமி ஒவ்வொரு வருடமும் காப்புக் கட்டித் தீச்சட்டி எடுக்கிறவன். கோல் போடுகிற காலுக்கு அம்மன்தான் காவல் என்பான்.

"இந்த வருசமும் வந்து வரிசையில நிக்கட்டும்" என்றார் கலியாணசுந்தரம். "அந்தம்மா கயித்தை வச்சா, அவரு இருக்கட்டும். வைக்கலைன்னா, அனுப்பினது நாம இல்லை. ஆத்தா. இது அவ சன்னதியில நான் கொடுக்கற வாக்கு."

எல்லாரும் தலையாட்டினார்கள். எந்தப் பெண் வைப்பாள்? பாதிப் பேர் அப்போதே எழுந்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

காப்புக்கு முந்திய நாள் மத்தியானம் பின்வாசலில் நிழல் தட்டியது. பொன்னம்மா. சாரோங், மேலே வெளுத்த கெபாயாச் சட்டை, கையில் வாழைச் சருகில் சுற்றிய பொட்டலம். செட்டிக் கம்பத்துப் பெண்களுக்குப் பேச்சு மலாய்தான். முறை வைத்துக் கூப்பிடும் சொற்கள் மட்டும் தமிழ். விதவை. ருக்மணியைவிட இளையவள், ஆனால் அழகி என்று சொல்ல முடியாது. அதைப் பார்த்ததும் ருக்மணிக்கு ஏனோ இன்னும் அதிகமாக வலித்தது.

"அக்கா, இனி காசுட்" என்றாள், காலணி இதோ என்று. பொட்டலத்தை நீட்டினாள். உள்ளே பூட்ஸ். எண்ணெய் தடவித் துடைத்திருந்தது.

"எதுக்கு இங்க வந்தே?" ருக்மணியும் மலாயிலேயே கேட்டாள். "என் வீட்டுப் படியிலயும் சாணி ஊத்தணுமா?"

"ஏசுங்க அக்கா. திட்டுங்க. துடைப்பத்தால அடிச்சாலும் நிக்கிறேன்." அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீங்களும் அவரும் பிரிஞ்சாச்சுன்னு சொன்னாரு. நம்பினேன். நம்பணும்னு இருந்துச்சு, நம்பினேன்."

"இப்ப என்ன வேணும்?"

"அவரு வேணாம் எனக்கு. கதவைச் சாத்திட்டேன். ஆனா அவரு செத்தா, எங்க வாசல்ல செத்ததா இந்த ஊர் சொல்லும். எங்கம்மா அந்த வாசலை மிதிச்சுத்தான் தண்ணி எடுக்கப் போவுது." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "உங்களுக்கு அவரு சாகணும்னு இருந்தா, வைக்காதீங்க. இல்லைன்னா, ஊருக்காக வைக்காம இருக்காதீங்க."

ருக்மணி பூட்ஸை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். தாழ் போடவில்லை. அந்தப் பக்கம் காலடி நகரும்வரை கதவில் கையை வைத்துக்கொண்டே நின்றாள்.

சாயந்திரம் அவளாகவே கொட்டகைக்குப் போனாள். அப்பாசாமி விறகுக் கட்டை மேல் உட்கார்ந்திருந்தான். சவரம் செய்யாத முகம். கால் மட்டும் பழக்கத்தில் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"நாளைக்குக் குளிச்சிட்டு வந்து வரிசையில நில்லுங்க."

"எதுக்கு ருக்கு? எல்லார் முன்னாடியும் என்னை அவமானப்படுத்தவா?"

"அவமானமா? உங்களுக்கா?" அவளுக்குச் சிரிப்பு வந்தது. "இந்தத் தெருவுல என்னைப் பார்க்கிற ஒவ்வொருத்தரும் 'ஐயோ பாவம்'னு சொல்லிட்டுத்தான் கடந்து போறாங்க. நீங்க கோல் போட்டப்போ ஒருத்தரும் எனக்கு மாலை போடலை. நீங்க தப்புப் பண்ணினதும் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரங்க ஆயிட்டாங்க."

அவன் அவள் காலைத் தொட வந்தான். அவள் விலகிக்கொண்டாள்.

"என்னத்தைச் செய்யப்போறே, சொல்லு. வைப்பியா?"

"எனக்கே தெரியாது" என்றாள். அது நிஜம்.

மறுநாள் காலை கோயில் முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. திருவிழாவுக்கு வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். ஆட்டம் பார்க்க வந்த கூட்டம்போல மரத்தடியில் இடம் பிடித்திருந்தார்கள். மேளம் அடித்தது. ஒவ்வொருவராகக் காப்புக் கட்டிக்கொண்டு விலகினார்கள். அப்பாசாமியின் முறை வந்தபோது மேளக்காரன் அவனாகவே நிறுத்திவிட்டான்.

ருக்மணி ஈரப் புடவையோடு முன்னால் வந்தாள். உள்ளங்கையில் மஞ்சள் கயிறு. அதைக் காலையில் அவள்தான் திரித்தாள், மஞ்சள் கிழங்கைத் துணியில் முடிந்து கட்டினாள். வைப்பதற்காகச் செய்தோமா வைக்காமல் இருப்பதற்காகச் செய்தோமா என்று அப்போதும் தெரியவில்லை. செட்டிப் பெண்களின் வரிசைக் கோடியில் பொன்னம்மா நின்றாள். அவளைச் சுற்றி மட்டும் இடம் காலியாக இருந்தது. இந்தப் பக்கம் மல்லிகா, கண்ணில் நீரோடு, பெருமையோடு, தலையை லேசாக ஆட்டித் தைரியம் சொன்னாள். வைக்காதே.

அம்மனைப் பார்த்தாள். இவன் சுத்தம் இல்லை. அது அம்மனுக்கும் தெரியும். ஆனால் இத்தனை பேர் இங்கே காத்திருப்பது தன் கை மூடியே இருப்பதற்காக. தன் கையை வைத்து இவர்கள் ஓர் ஆளை லாரியில் ஏற்றப் பார்க்கிறார்கள். அவளுக்குத் துரோகம் செய்தவன் அவன். தண்டனை கொடுப்பதென்றால் அது அவளுடையது. அதையும் இவர்கள் பிடுங்கிக்கொண்டார்கள்.

கயிற்றைத் தட்டில் வைத்தாள்.

பூசாரி கயிற்றைத் தொடாமல் தாழ்ந்த குரலில் கேட்டார்: "ஆத்தா சன்னதி. யோசிச்சுத்தான் வச்சியாம்மா?"

"யோசிச்சுத்தான் சாமி. கட்டுங்க."

கட்டினார். மேளக்காரன் அடிக்க மறந்து நின்றான். கூட்டத்தில் முதலில் அசைந்தது மல்லிகா. கூட்டத்தை விலக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே போனாள்.

அதன் பிறகு வந்த நாட்களில் கலியாணசுந்தரம் வேறோர் ஆள் கேட்டு வீடு வீடாகப் போனார். ஒரு வீட்டில் காய்ச்சல் என்றார்கள். இன்னொரு வீட்டில் மகன் தோட்டத்துக்குப் போய்விட்டான் என்றார்கள். சில வீடுகளில் கதவே திறக்கவில்லை. வேலாயுதம் மாட்டோடு குருபோங் காட்டுப் பக்கம் போய் மறைந்துகொண்டான். லாரி வந்த காலையில் தெருவில் கிழவர்களும் பெண்களும்தான் இருந்தார்கள். கோயில் வாசலில் காப்புக் கட்டியவர்கள் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் அப்பாசாமியும் ஒருவன்.

சிப்பாய் இறங்கினான். கூட வந்த மொழிபெயர்ப்பாளன் கேட்டான்: "ஓராங் மானா? ஆள் எங்கே?"

கலியாணசுந்தரம் முன்னால் வந்து நின்றார். அவர் விரல் நீட்டினால் போதும். சிப்பாய்க்குக் காப்பும் தெரியாது, அம்மனும் தெரியாது. அவர் கண் அப்பாசாமியின் மணிக்கட்டில் போய் நின்றது. வாய் திறந்தது. மூடிக்கொண்டது. சன்னதியில் வாக்குக் கொடுத்தவர்.

அறை விழுந்தது. தலைப்பாகை மண்ணில் உருண்டது. சிப்பாய் முகவாயால் லாரியைக் காட்டினான். மொழிபெயர்ப்பாளன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "ஆள் இல்லைன்னா நீயே ஏறணுமாம்."

மல்லிகாவின் அலறல் வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

கிழங்குக் கூடையோடு நின்ற ருக்மணி அப்பாசாமியைப் பார்த்தாள். ஊரிலேயே வேகமான கால்கள் அவனுடையவை. முன்னால் பந்து வந்தால் நிற்கத் தெரியாத கால்கள். ஓர் அடி எடுத்து வைப்பான் என்று காத்திருந்தாள். அவன் குனிந்து மணிக்கட்டுக் கயிற்றைத் திருகிக்கொண்டிருந்தான். அவளுக்கும் ஒரு வார்த்தை தொண்டையில் இருந்தது: நான் வைத்தது பொய். சொன்னால் போதும். அவளும் சொல்லவில்லை. கலியாணசுந்தரம் ஏறுவதற்கு முன் கைப்பட்டையைக் கழற்றி மடித்து, வீட்டுப் படியில் வைத்துவிட்டு ஏறினார்.

திருவிழாவின் கடைசி நாளில் மஞ்சள் நீராட்டின்போது ஆற்றில் நின்றபடி ருக்மணி அப்பாசாமியின் காப்பை அவிழ்த்தாள். அவிழ்ப்பதும் மனைவிதான். கயிறு தண்ணீரில் மிதந்து போனது. வீட்டு வாசலில் பூட்ஸ் தயாராக இருந்தது.

"இந்தக் கயிறு கையில இருக்கிற வரைக்கும் உங்களுக்கு நான் சாட்சி. அவுத்தாச்சு."

"எங்க போவேன் ருக்கு?"

"எங்க வேணாலும். அன்னிக்கு லாரி முன்னாடி நகராத கால், இன்னிக்காவது நகரட்டும்."

அவன் முதலில் செட்டிக் கம்பத்துக்குத்தான் போனான். பொன்னம்மா சன்னலைக்கூட முழுதாகத் திறக்கவில்லை. "பாலிக் லா" என்று மட்டும் குரல் வந்ததாம், திரும்பிப் போ என்று. பிறகு ஏதோ தோட்டத்துப் பக்கம் போய்விட்டான் என்று கேள்வி.

மல்லிகா பேசவில்லை. ஊரும் பேசவில்லை. சன்னதியில் பொய் சொன்னவள் என்று ருக்மணியிடம் கிழங்கு வாங்குவதைப் பாதிப் பேர் நிறுத்தினார்கள். அப்பாசாமியின் குற்றம் எல்லாருக்கும் மறந்துவிட்டது. அவள் குற்றம்தான் நினைவிருந்தது. விடிந்ததும் அவள் ஒரு கிண்ணம் துருவிய கிழங்கை மல்லிகாவின் பின்வாசலில் வைத்துவிட்டு வருவாள். மல்லிகா அதைக் கோழிக்குக் கொட்டினாள். பல நாள் கோழிதான் தின்றது. ஒரு மழைநாளில் கிண்ணம் கழுவித் திரும்பி வந்தது. அதற்குப் பிறகும் பேச்சு வர வெகுகாலம் ஆயிற்று.

ஜப்பான்காரன் போனான். சயாமிலிருந்து திரும்பிய ஒருவன், முகாமில் வாந்திபேதி வந்தபோது கலியாணசுந்தரத்தைப் பார்த்ததாகவும், பிறகு பார்க்கவில்லை என்றும் சொன்னான். மல்லிகா தாலியைக் கழற்றியபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தது ருக்மணி. வேறு யாரையும் அவள் உள்ளே விடவில்லை.

அரிசி அப்போதும் சரியாகக் கிடைக்காத ஒரு சாயந்திரம், மல்லிகாவின் அடுப்படியில் இருவரும் கிழங்கு துருவிக்கொண்டிருந்தார்கள். திடலில் மறுபடி ஆட்டம் தொடங்கியிருந்தது. திடீரென்று இரைச்சல் கிளம்பிக் கூரைகளைத் தாண்டி வந்தது. பழைய இரைச்சல். பழைய பெயர். முடிவெட்டும் கடையில் படம்கூடத் திரும்பிவிட்டதாகக் காலையில் யாரோ சொன்னார்கள். கூட்டத்தில் வேலாயுதத்தின் குரல் தனியாகக் கேட்டது.

மல்லிகாவின் கை நின்றது. "அவரா?"

"அவர்தான்."

ருக்மணி வெந்நீர் போட எழுந்திருக்கவில்லை. மல்லிகா கூடைக்குள் கைவிட்டு அடுத்த கிழங்கை எடுத்து, மண்ணைத் துடைத்து, அவளிடம் நீட்டினாள்.